ஜெபமும் வேண்டும், கணக்கு நோட்டும் வேண்டும்: சிறுதொழிலில் இறங்கும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினோரு வருஷம் டீச்சராக இருந்தேன். 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடத்தில் சம்பளம் நின்றது. எப்போதோ கற்றுக்கொண்ட தையல் கை கொடுத்ததால் முகக்கவசம், அப்புறம் பிளவுஸ் என்று ஒரு வருஷம் ஓடியது. 2021 கடைசியில் வீட்டிலேயே மசாலாப் பொடி போட ஆரம்பித்தேன், இன்று என்னோடு நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. எங்கள் சபையிலும் மகளிர் குழுவிலும் "நாங்களும் ஏதாவது தொடங்கணும் டீச்சர்" என்று வந்து கேட்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் நான் செய்து பார்த்த தவறுகள்தான்.

வேலை மாறும்போது பழைய வேலையைத் தலைமுழுகிவிடுவதுதான் முதல் தவறு. "பதினோரு வருஷம் வீணாப் போச்சே" என்று நானும் அழுதிருக்கிறேன். உண்மையில் எதுவும் வீணாகவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாக்கள்தான் முதலில் துணி தைக்கக் கொடுத்தார்கள், பொடியையும் முதலில் வாங்கியது அவர்களே. தையலுக்கு அளவு குறித்து வைத்த நீள நோட்டின் பின்பக்கத்தில்தான் மிளகாய் வற்றல், மல்லி விலையை எழுத ஆரம்பித்தேன். புதிதாக எதில் இறங்கினாலும், இதுவரை யாரெல்லாம் உங்களை நம்பியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் முதல் மாத விற்பனைக்கு விளம்பரம் தேவையில்லை.

அடுத்தது விசுவாசம். இதைக் கவனமாக எழுத வேண்டும், ஏனென்றால் ஜெபம் இல்லாமல் நான் 2020ஐத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் கணக்குப் போட வேண்டிய இடத்திலும் நான் ஜெபம் மட்டுமே செய்துகொண்டிருந்தேன். "கர்த்தர் வாசலைத் திறந்துட்டார்" என்று சொல்லி, ஆர்டர் வந்ததையே லாபம் வந்ததாக எடுத்துக்கொண்டேன்.

சாம்பார் பொடி 100 கிராம் பாக்கெட்டை 40 ரூபாய்க்கு விற்றேன். சரக்கு 31 ரூபாய், அரைவைக் கூலி 2, கவரும் லேபிளும் 2, ஆக 5 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருநாள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல உங்க கூலி எங்க இருக்கு டீச்சர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வற்றலுக்குக் காம்பு கிள்ளி, மாடியில் காயவைத்து, வறுத்து, அரைத்து, சலித்து, கட்டி ஒட்டி நூறு பாக்கெட் முடிக்க நானும் இன்னொரு பெண்ணும் இரண்டு நாள் உட்கார வேண்டும். நூறு பாக்கெட்டுக்கு மிச்சம் 500 ரூபாய் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 125 ரூபாய். கேஸும் மில்லுக்குப் போகும் ஆட்டோவும் அந்த 125க்குள்தான் வந்தாக வேண்டும். பத்து கிலோ வற்றல் வாங்கினால் காம்பும் ஈரமும் போய்ப் பத்து கிலோ பொடி வராது என்பதைக்கூட நான் சேர்த்திருக்கவில்லை.

அன்று ராத்திரி லூக்கா 14ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசு சொல்லும் இடம். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கேட்டதுதான், அன்றைக்குத்தான் எனக்காகச் சொன்னதுபோல் இருந்தது. விலையை 52 ஆக்கினேன். பாதி வாடிக்கையாளர்கள் போய்விடுவார்கள் என்று பயந்தேன், விட்டுப் போனது மூன்று வீடுதான். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, கும்பிட்டு முடித்துவிட்டு அன்றைய வரவு செலவை எழுதிவிட்டுத் தூங்குங்கள்.

வழிகாட்டி விஷயத்தில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. யாரிடமும் கேட்காமலே இருப்பது ஒன்று, ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுவது இன்னொன்று. இரண்டாவதில்தான் நிறையப் பெண்கள் மாட்டுகிறார்கள். "எல்லாப் பதிவும் நான் பார்த்துக்கிறேன்" என்று வந்த ஒருவரிடம் உத்யம் என்ற சிறுதொழில் பதிவுக்காக 1,500 ரூபாய் கொடுத்தேன். 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, ஆதாரை வைத்து நாமே இணையத்தில் செய்துகொள்ளலாம். சிறுதொழிலுக்கு வங்கி தரும் முத்ரா கடனும் அப்படித்தான். சிசு என்ற பிரிவில் 50,000 ரூபாய் வரை அடமானம் இல்லாமல் தருவதற்கான திட்டம் அது. நடுவில் ஒருவர் கமிஷன் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், வங்கி மேலாளரிடமே நேராகப் போய்க் கேளுங்கள். உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்து அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

நல்ல வழிகாட்டி எப்படி இருப்பார் என்று கேட்டால் நான் லிஜ்ஜத் அப்பளத்தின் கதையைச் சொல்வேன். 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட ஆரம்பித்தார்கள். முதல் நாள் தேறியது நான்கு பாக்கெட். கடன் கொடுத்த சகன்லால் பரேக் அந்தத் தொழிலைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. மலிவாக விற்பதற்காகத் தரம் குறைந்த ஒரு ரகத்தையும் அவர்கள் போட்டபோது, ஒரே தரம்தான் இருக்க வேண்டும் என்று தடுத்தார். கணக்கைச் சரியாக வைக்கச் சொன்னார். அப்பளம் இட்டதும் விற்றதும் முடிவெடுத்ததும் அந்தப் பெண்கள்தான். எங்கள் அண்ணாச்சியும் என் பொடியைத் தன் கடையில் வைக்கிறார், ஆனால் விலையை நான்தான் சொல்ல வேண்டும் என்பார். உங்கள் வழிகாட்டி கேள்வி கேட்கிறாரா, கையெழுத்து கேட்கிறாரா என்று பாருங்கள்.

கடைசியாக ஊரும் உறவும் சபையும். இதில் செய்யும் தவறு மனசைப் புண்படுத்திவிடும், அதனால் யாரும் வெளியே சொல்வதில்லை. எங்கள் கோயில் அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, மசாலா கேட்டார்கள். ஆண்டவருடைய காரியம்தானே என்று அடக்க விலைக்கே கொடுத்தேன். அடுத்த வாரத்திலிருந்து சபையில் பலரும் அதே விலைக்குக் கேட்டார்கள். அவர்கள் மேல் குறை சொல்ல முடியாது, அந்த விலையைச் சொன்னது நான்தானே. இப்போது அசனத்துக்கும் முழு விலைக்குத்தான் பில் போடுகிறேன். கொடுக்க நினைப்பதைக் காணிக்கையாகத் தனியாகக் கொடுத்து, அதையும் நோட்டில் எழுதுகிறேன். வியாபாரத்தையும் காணிக்கையையும் ஒரே பாக்கெட்டில் கட்டக் கூடாது. கடன் சொல்லி வாங்குபவர்களுக்கும் எல்லை வேண்டும், பழைய பாக்கி தீர்ந்த பிறகுதான் அடுத்த பாக்கெட் என்று முதல் நாளே சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டால் உறவு கெடாது.

குழுவில் இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், உங்கள் பெயரில் கடன் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். அவர் கட்டாமல் போனால் உங்கள் பெயர் கெடும், குழுவே அடுத்த கடனுக்குத் தகுதி இழக்கும். தவறாமல் கூடுவது, சேமிப்பது, குழுவுக்குள்ளேயே கடன் கொடுப்பது, தவணையில் திருப்பிக் கட்டுவது, கணக்கு எழுதுவது என்று ஐந்து விதிகளைப் பஞ்சசூத்திரம் என்பார்கள். மற்ற நாலும் ஒழுங்காக நடக்கிறதா என்று காட்டுவது ஐந்தாவதுதான்.

மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவை நிறையப் பேருக்குத் தெரியும். 2001இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது வாங்கியபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார், 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயக் கூலி அவர். வயல் வேலைக்குப் போகும் பெண்களைச் சேர்த்துக் கூலி பேசியவர், அப்புறம் களஞ்சியம் குழுக்களில் அவர்களைச் சேமிக்க வைத்தவர். ஊரோடு சேர்வது என்றால் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. சுற்றி இருப்பவர்களை வாங்குகிறவர்களாக மட்டும் பார்த்தால் அந்த மாதிரி உறவு கிடைக்காது. என்னோடு வேலை செய்யும் நான்கு பேரில் இரண்டு பேர் முதலில் என்னிடம் பொடி வாங்கியவர்கள். அவர்கள் வீட்டில் யாருக்கு வட்டிக் கடன் இருக்கிறது, எந்தத் தேதியில் தவணை என்று எனக்குத் தெரியும், அதனால் சம்பளத்தை மாதக் கடைசியில் கொடுக்காமல் சனிக்கிழமை தோறும் கொடுக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேரும் உட்கார்ந்து முதலில் ஜெபம் பண்ணுவோம். அப்புறம் நோட்டை விரித்து, எத்தனை பாக்கெட் போனது, யார் பாக்கி என்று ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்போம். எந்த வாரம் யார் வாசிப்பது என்று முறை வைத்திருக்கிறோம், போன வாரம் முதல் தடவையாக எங்களில் கூட்டல் வராது என்று பயந்துகொண்டிருந்த பெண் வாசித்தாள், 12 ரூபாய் இடித்தது, அவளே தேடிக் கண்டுபிடித்தாள்.