கூம்பு தெரிந்தால் போதாது, பக்கவாட்டிலும் பாருங்கள்

ஸ்ட்ரோமேட்டோலைட் (நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக எழுப்பிய கல்) என்று சொல்லி யாராவது கூம்பு கூம்பாக வரியோடிய கல்லை விற்றால், காசு கொடுக்கும் முன் அதற்குக் குறுக்கே வெட்டிய பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள். நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக எழுப்பிய கூம்பு பொதுவாக எந்தப் பக்கம் வெட்டினாலும் கூம்பாகவே தெரியும், உள்ளே மெல்லிய அடுக்குகளும் ஓடும். பாறை நசுங்கி இழுபட்டு உண்டானது என்றால் மறுபக்கம் நீளமான வரப்பாகிவிடும். கிரீன்லாந்தின் இசுவாவில் 370 கோடி ஆண்டுப் பழமையான உயிர்த்தடம் என்று 2016-இல் அறிவித்ததை 2018-இல் வேறொரு குழு மறுத்தது இப்படிப் பார்த்துத்தான் (சண்டை இன்னும் ஓயவில்லை). ஆனால் அலையடிக்கும் இடத்தில் அசலும் நீளவாக்கில் வளரும், ஆஸ்திரேலியாவின் ஷார்க் பேயில் இன்றும் பார்க்கலாம், அதனால் நீளத்தை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். அப்புறம், வெப்பத்திலும் அழுத்தத்திலும் கடுமையாக உருமாறிய பாறையில் அடுக்குகளே அழிந்திருக்கலாம், அப்படியானால் இந்த வழி உதவாது.