முதல்முறை மார்ஷ்மெல்லோ: பாகு தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்கள்

அதிரசத்துக்கும் மனகோலத்துக்கும் பாகு வைத்துப் பழகிய செட்டிநாட்டுக் கைக்கு மார்ஷ்மெல்லோ என்னும் மெத்தென்ற மேலைநாட்டு இனிப்பில் பாதி வேலை ஏற்கெனவே தெரியும். அந்தத் தெம்பில்தான் மீதிப் பாதி கெடுகிறது.

8 அங்குலச் சதுரத் தட்டுக்கு அளவு: சர்க்கரை 300 கிராம், லிக்விட் குளுக்கோஸ் 150 கிராம், பாகுக்குத் தண்ணீர் 100 மி.லி., ஜெலட்டின் பொடி 20 கிராம், அதை ஊறவைக்கக் குளிர்ந்த தண்ணீர் 100 மி.லி., சிட்டிகை உப்பு, வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன். கடையில் வெறுமனே ‘குளுக்கோஸ்’ என்று கேட்டால், கரைத்துக் குடிக்கிற பொடியைத் தருவார்கள். அது உதவாது. தேன் போல ஒழுகும் குளுக்கோஸ்தான் பாகு பூத்துப்போகாமல் (மறுபடி சர்க்கரைக் கற்களாக மாறாமல்) காக்கும்.

ஜெலட்டினை வெந்நீரில் கொட்டாதீர்கள். மேலே பசையாகி உள்ளே பொடி அப்படியே கிடக்கும். குளிர்ந்த தண்ணீரில் பரவலாகத் தூவி 10 நிமிடம் விடுங்கள். அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டால் உறையும் சக்தி குறையும். மாட்டுத் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுப்பது என்பதால் விரத நாளுக்கு ஆகாது. பதிலுக்கு அதே அளவில் கடற்பாசி போட்டால் இழுபடாது, வெட்டினால் உதிரும். அதற்குச் செய்முறையே வேறு.

பாகுதான் உயிர்நாடி. வேண்டியது 115 டிகிரி செல்சியஸ். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் அதிரசப் பாகைப் போலத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: விரலில் மெத்தென்று உருள வேண்டும். கம்பிப் பதத்திலேயே இறக்கினால் உள்ளே தண்ணீர் மிஞ்சி, காலையில் தட்டில் குழகுழவென்று கிடக்கும். மனகோலத்துக்கு மாதிரி ‘டங்’கென்று சத்தம் வரும் வரை காய்ச்சினாலோ ரப்பர்தான். கொதி வந்தபின் கரண்டி போடவே கூடாது. பாத்திர ஓரத்தில் ஒட்டிய சர்க்கரையை ஈரத் தூரிகையால் கீழே தள்ளுங்கள். அங்கிருந்து ஒரு கல் விழுந்தாலும் பாகு முழுக்கப் பூத்துவிடும்.

நுரை அடங்க இரண்டு நிமிடம் விட்டு, பீட்டரை (நுரைக்க அடிக்கும் கருவி) மெதுவாக ஓடவிட்டபடி பாகை மெல்லிய தாரையாக ஜெலட்டினில் ஊற்றுங்கள். பிறகு வேகம் கூட்டி 10 முதல் 12 நிமிடம் அடிக்க வேண்டும். மிக்ஸியில் ‘விப்’ பட்டன் இருக்கிறதே என்று இறங்காதீர்கள். பிளேடு வெட்டும், போதிய காற்றை ஏற்றாது. கலவை வெளுத்து, மூன்று மடங்காகி, பாத்திரத்தைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது நிறுத்தலாம். கையில் வலி வந்ததும் நிறுத்துவதுதான் பலர் செய்வது. அது பஞ்சாகாமல் ஜெல்லியாக உறையும். வெனிலாவைக் கடைசி நிமிடத்தில் சேருங்கள். பழ வாசனை வேண்டுமென்று பச்சை அன்னாசிச் சாறு ஊற்றினால் உறையவே உறையாது. அதிலுள்ள நொதி ஜெலட்டினைத் தின்றுவிடும். கொதிக்க வைத்த சாறு என்றால் பயமில்லை.

தட்டில் எண்ணெய் தடவி, கார்ன் ஃப்ளோரும் பொடித்த சர்க்கரையும் சமமாகக் கலந்து தூவுங்கள். சர்க்கரை மட்டும் என்றால் ஈரம் இழுத்துக் கசியும்.

ஃப்ரிட்ஜில் உறையவைப்பது அடுத்த சறுக்கல். வெளியே எடுத்ததும் வியர்க்கும். சித்திரை வெயிலில் பகலில் கிண்டினால் தளர்ந்தே கிடக்கும். மாலையில் அடித்து, இரவு முழுக்க இரண்டாம் கட்டின் (வீட்டின் உள்பகுதி) குளிர்ந்த அறையில் விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வளவு (வானம் பார்த்த நடுமுற்றம்) ஓரம் வேண்டவே வேண்டாம். எண்ணெய் தடவிய கத்தியால் வெட்டி, வெட்டிய பக்கங்களிலும் மாவு புரட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஒரு வாரம் தாங்கும்.