ஸ்கிரீன் வாங்கும் முன் சுவரைப் பாருங்கள்

போரூர், வளசரவாக்கம் பக்கத்து பிளாட்டுகளில் புரொஜெக்டர் மாட்டிக்கொடுப்பது என் வேலை. "புரொஜெக்டர் வாங்கியாச்சுண்ணே, எந்த ஸ்கிரீன் போடலாம்?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். ஒரு வாரம் வெறும் சுவரில் பாருங்கள். படத்தின் நாலு மூலையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்த்தால் உங்கள் அளவு எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கணக்கும் உண்டு. உட்காரும் தூரத்தை அங்குலத்தில் எடுத்து 1.6 ஆல் வகுத்தால் நிதானமான திரை அளவு வரும், மூலைக்கு மூலை குறுக்காக அளக்கும் அளவு. 1.2 ஆல் வகுத்தால் தியேட்டர் மாதிரி கண்ணை நிறைக்கும் அளவு. பத்தடி தள்ளி சோபா இருந்தால் 75 முதல் 100 அங்குலம் வரை. 100 அங்குலத் திரைக்கு ஏழேகால் அடி அகலச் சுவர் வேண்டும். ஸ்பீக்கருக்கு இரு பக்கமும் இடம் தனி. 120க்குப் போனால் பரப்பு 44 சதவீதம் கூடும். அதே வெளிச்சம்தான் அவ்வளவு இடத்திலும் பரவ வேண்டும், படம் மங்கத்தான் செய்யும்.

அடுத்தது கறுப்பு. எந்தப் புரொஜெக்டராலும் கறுப்பு நிறத்தை வீச முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. ஆகவே நீங்கள் படம் பார்க்கும் நேரத்தில், பார்க்கும் வெளிச்சத்தில், புரொஜெக்டரை அணைத்துவிட்டுச் சுவரைப் பாருங்கள். அது எந்த நிறத்தில் தெரிகிறதோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் கறுப்பு. ராத்திரி விளக்கணைத்துப் பார்க்கிறவருக்குச் சாதாரண மேட் வெள்ளை போதும், கெயின் (விழும் வெளிச்சத்தைத் திரை எவ்வளவு பளிச்சென்று திருப்பித் தருகிறது என்ற கணக்கு) 1.0 அல்லது 1.1. இதற்கு மேல் செலவு செய்வதென்றால் பக்கச் சுவர்களுக்கும் சீலிங்குக்கும் அடர்நிறப் பெயிண்ட் அடியுங்கள். வெள்ளைச் சீலிங்கில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எவ்வளவு விலை கொடுத்த ஸ்கிரீனையும் வெளுக்க வைத்துவிடும்.

சுவரே போதும் என்று முடிவு செய்தால், ராத்திரியில் ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து அடியுங்கள். பகலில் வழவழவென்று தெரிந்த சுவரில் கரணை இழுத்த தடம், பட்டி பார்த்த மேடு, பழைய ஆணி ஓட்டை எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் இவை கண்ணை உறுத்தும். இரண்டு கோட் பட்டி, எமரி பேப்பர் தேய்ப்பு, பிரைமர், அப்புறம் மேட் எமல்ஷன். ரோலரில் அடிக்கச் சொல்லுங்கள். பெயிண்டர் "கொஞ்சம் ஷைனிங் இருந்தா கழுவலாம் சார்" என்பார், விடாதீர்கள். பளபளப்புப் பெயிண்டில் நடுவே ஒரு வெளிச்சத் திட்டு விழும். கடைசியாக, படத்தைச் சுற்றி மூன்று அங்குலத்துக்குக் கறுப்பு வெல்வெட் டேப். ஓரத்தில் வழியும் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும். அதே படம் திடீரென்று துலக்கமாகிவிட்டதுபோல் தோன்றும். ஐப்பசி கார்த்திகையில் ஓதம் ஏறும் சுவர் என்றால் மட்டும் இந்த வழி வேண்டாம்.

வேட்டி, பெட்ஷீட் எல்லாம் மொட்டை மாடி கிரிக்கெட்டுக்குச் சரி. வெளிச்சம் துணியைத் தாண்டிப் பின்னால் போய்விடும். திருவிழாவில் திரைக்குப் பின்பக்கம் இடம் பிடித்து, ஹீரோ இடக்கையால் குத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துணிதான் வேண்டுமென்றால் பிளாக்அவுட் துணி வாங்கி, ஆசாரியிடம் மரச்சட்டம் செய்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து ஸ்டேப்ளர் அடியுங்கள்.

சுருட்டி இறக்கும் ஸ்கிரீனில் நம் வீடுகளுக்கென்று ஒரு தொந்தரவு இருக்கிறது: ஃபேன். வேகம் மூன்றில் வைத்தாலே கீழ்விளிம்பு ஆடும், ஆளின் முகம் நெளியும். நாளாக ஆக ஓரங்களும் சுருளும். இரு பக்கமும் கயிறு இழுத்துப் பிடிக்கும் டேப் டென்ஷன் (tab tension) வகை விலை கூடுதல், ஆனால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீரும். ஹாலில் அந்தச் சுவரை வேறு எதற்கும் பயன்படுத்தப் போவதில்லை என்றால் ஃபிக்ஸட் ஃபிரேமே மேல். பழைய ஆபீஸ் ஸ்கிரீன் சும்மா கிடைக்கிறது என்று எடுத்து வராதீர்கள். அவற்றில் கெயின் 2க்கு மேல் உள்ளவை உண்டு. நடுவில் உட்காருபவருக்கு ஜோராக இருக்கும், ஓரத்து நாற்காலிக்காரருக்கு மங்கிவிடும்.

பகல் வெளிச்சத்தில் பார்ப்பவர்களுக்கு ஏஎல்ஆர் ஸ்கிரீன். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும் வெளிச்சத்தை இது தட்டிக் கழிக்கும். ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் பயனில்லை. புரொஜெக்டர் வெளிச்சம் வரும் திசையிலேயே அதுவும் வருகிறதே! அங்கே திரைச்சீலைதான் வழி. திரையின் அடியில் மேசைமேல் வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டருக்கு ஏஎல்ஆரிலேயே தனி ரகம் உண்டு. கீழிருந்து வரும் வெளிச்சத்தை மட்டும் உங்கள் பக்கம் திருப்பி, மேலிருந்து வருவதை விழுங்கும். அதைச் சீலிங் புரொஜெக்டருக்கு மாட்டினால் படத்தையே விழுங்கும். அல்ட்ரா ஷார்ட் த்ரோவுக்கு வெறும் சுவரும் சரிவராது. டார்ச் சோதனையில் பார்த்தீர்களே, அதே சாய்வில்தான் இதன் வெளிச்சமும் விழுகிறது.

எதை வாங்குவதானாலும் கடையில் ஏ4 அளவு சாம்பிள் துண்டு கேளுங்கள். சுவரில் ஒட்டி, காலை பதினொரு மணிக்கு ஒரு முறை, ராத்திரி ஒரு முறை ஓட்டுங்கள். ஒரு வெயில் காட்சி, ஒரு இருட்டுக் காட்சி. நடு சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வீட்டில் யார் எப்போதும் ஓர நாற்காலியில் உட்காருவார்களோ அவர்களையும் அங்கே உட்காரவைத்துக் கேளுங்கள். சாம்பிள் தர மாட்டேன் என்கிற கடை வேண்டாம், அடுத்த கடைக்குப் போங்கள்.