பழைய ஜி.பி.எஸ். கருவியை லப்டொப்பில் பூட்டும்போது விடுகிற பிழைகள்

முல்லைத்தீவுக் கரையில் கார்மின் நிறுவனத்தின் பழைய ஜி.பி.எஸ். கைக்கருவிகள் இன்னமும் பாவனையில் இருக்கின்றன. ஜி.பி.எஸ். 72, மஞ்சள் ஈட்ரெக்ஸ், அதற்கும் முந்திய ஜி.பி.எஸ். 12 என்று. பார் (கடலடிப் பாறை) உள்ள இடம், வலை சிக்கும் இடம், தாண்ட கப்பல் கிடக்கும் இடம் எல்லாம் அவற்றுக்குள்தான் பதிந்து கிடக்கிறது. "லப்டொப்பில் பூட்டினால் ஒன்றும் வருதில்லை, கருவி செத்துப் போச்சு" என்று கொண்டுவருவார்கள். நான் பார்த்தவற்றில் கருவி செத்திருந்தது மிகக் குறைவு. பிழை அநேகமாகக் கருவிக்கும் லப்டொப்புக்கும் இடையில்தான் இருந்தது.

முதலில் விடுகிற பிழை, கருவியின் மெனுவில் 'இன்டர்ஃபேஸ்' என்ற இடத்தைப் பார்க்காமல் விடுவது. பழைய கார்மின் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வரும்போது 'கார்மின்' முறையில் இருக்கும். அந்த முறையில் அது தன் நிறுவனத்தின் சொந்த மொழியில் மட்டும்தான் கதைக்கும். ஓபன் சி.பி.என். போன்ற கடல் வரைபட மென்பொருளுக்கு என்.எம்.ஈ.ஏ. 0183 என்ற பொது முறை வேண்டும். அதற்கு மாற்றினால் வினாடிக்கு 4800 பிட் வேகத்தில் எழுத்து வரிகள் வரத் தொடங்கும். லப்டொப் பக்கத்திலும் அதே 4800 இருக்க வேண்டும். 9600 என்று விட்டால் திரையில் கோழி கிளறியது மாதிரி குறிகள் வரும். அப்படி வந்தால் சந்தோஷப்படுங்கள், வயர் சரி, வேகம் மட்டும்தான் பிழை. ஒன்றுமே வராவிட்டால்தான் வயரைச் சந்தேகிக்க வேண்டும்.

மெனுவைத் தேடப் போய் சிலர் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் 'மாஸ்டர் ரீசெட்'டை அழுத்திவிடுகிறார்கள். ஜி.பி.எஸ். 72 ஐந்நூறு புள்ளிகள், அதாவது பதிந்து வைத்த இடங்கள், வரை வைத்திருக்கும். எல்லாம் ஒரே அழுத்தில் போய்விடும். எதிலும் கை வைக்கமுதல் புள்ளிகளைப் பிரதி எடுங்கள். அதற்கு மட்டும் கருவி 'கார்மின்' முறையில் இருக்க வேண்டும். ஜி.பி.எஸ். பேபல் என்ற இலவச மென்பொருள் போதும்.

அடுத்தது வயர். இந்தக் கருவிகள் எல்லாம் ஒன்பது முள் சீரியல் வாய்க்குச் செய்யப்பட்டவை. இப்போது வாங்கும் லப்டொப்பில் அந்த வாய் இல்லை. அதனால் யூ.எஸ்.பி. மாற்றி ஒன்று வாங்குவோம், மலிவாகக் கிடைப்பதை. பிரச்சினை அங்கேதான். மலிவு மாற்றிகள் பலவற்றில் இருப்பது பி.எல். 2303 சிப்பின் போலி அல்லது பழைய வகை. விண்டோஸ் புது டிரைவரை (மாற்றியை இயக்கும் மென்பொருளை) தானாகப் போட்டதும் மஞ்சள் முக்கோணத்தோடு 'கோட் 10' என்று நின்றுவிடும். பழைய டிரைவரைத் தேடிப் போட்டால் வேலை செய்யும். அடுத்த அப்டேட்டில் திரும்பவும் குழம்பும். ஆரம்பத்திலேயே எஃப்.டி.டி.ஐ. சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குவது நல்லது. நல்லதையே வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் அதே யூ.எஸ்.பி. துளையில் பூட்டுங்கள். துளை மாறினால், லப்டொப் மாற்றிக்குக் கொடுக்கும் 'கொம்' இலக்கமும் மாறக்கூடும். அதோடு ஒரு கொம் இலக்கத்தை ஒரு நேரத்தில் ஒரு மென்பொருள்தான் திறக்கலாம். பேபல் மூடாமல் கிடந்தால் வரைபடத்துக்கு ஒன்றும் போகாது.

வயரை நீங்களே பிடிப்பதென்றால், கருவி அனுப்பும் கம்பி ஒன்பது முள் வாயின் 2ஆம் முள்ளுக்கும், வாங்கும் கம்பி 3க்கும், நிலக்கம்பி 5க்கும் போக வேண்டும். இரண்டும் மூன்றும் மாறிப் பூட்டுவதுதான் வழமையாக நடக்கிறது.

சரி, எல்லாம் பூட்டியாயிற்று, திடீரென்று மவுஸ் அம்பு பேய் பிடித்தது மாதிரி திரை முழுக்க ஓடுகிறது. வைரஸ் அல்ல. கருவி விடாமல் அனுப்பும் வரிகளைப் பார்த்து விண்டோஸ் அதைப் பழைய சீரியல் மவுஸ் என்று நினைத்துவிட்டது. கருவியைக் கழற்றாமல் 'டிவைஸ் மனேஜர்' போய், மவுஸ் பகுதியில் இருக்கும் 'சீரியல் பால்பாயின்ட்'டை முடக்குங்கள். இனிமேல் லப்டொப் முழுக்க எழும்பிய பிறகே கருவியைப் போடுங்கள்.

வரைபடத்தில் இடம் பிழையாகக் காட்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இலக்கம் எழுதும் முறை. முல்லைத்தீவு 9 பாகை 16 கலை என்பதை 9.16 என்று அடித்தால் இடம் கிட்டத்தட்ட 12 கிலோமீற்றர் தெற்கே போய் விழும். அறுபது கலை ஒரு பாகை, ஆகவே சரியான எண் 9.267. இந்தியாவும் இலங்கையும் 1974இல் ஒப்பந்தம் போட்ட கடல் எல்லைப் புள்ளிகளும் பாகை, கலை முறையில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. நாச்சிக்குடா, இரணைதீவுப் பக்கம் தொழில் செய்பவர் அவற்றைப் பதியும்போது இந்தப் பிழை விட்டால் அது சும்மா பிழை இல்லை. இன்னொன்று, கருவி இடத்தைக் கணக்கிடுவது 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்ற அளவை அடிப்படையில் இருக்க வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்களுக்காக யாராவது அதைக் 'கண்டவல' என்று மாற்றி வைத்திருந்தால் இடம் சில நூறு மீற்றர் விலகும்.

திகதி கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னுக்குக் காட்டினால் பயப்பட வேண்டாம். ஜி.பி.எஸ். வாரங்களை 1024 வரை எண்ணி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படி நடந்தது. இடம் அநேகமாகச் சரியாகவே இருக்கும். லப்டொப்பின் மணிக்கூட்டை ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துத் திருத்தும் வசதியை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

மின்சாரத்தில் விளையாட வேண்டாம். எல்லாக் கருவியும் ஒரே வோல்ட்டில் ஓடும் என்று நினைக்கலாம். ஆனால் மஞ்சள் ஈட்ரெக்ஸ் 12 வோல்ட்டை நேரே தாங்காது, அதன் கார் வயருக்குள் வோல்ட்டைக் குறைக்கும் பகுதி இருக்கிறது. வயரை வெட்டி எஞ்சின் பற்றரியில் பூட்டினால் அன்றோடு அது முடிந்தது.

ஓபன் சி.பி.என். தரும் பின்னணிப் படத்தை நம்பிக் கரை ஏறுவதும் பிழைதான். அது மிகப் பருமட்டான படம். கொக்கிளாய், நாயாறு முகத்துவாரங்களில் மணல் இடம் மாறுவதை எந்தப் படமும் உடனே சொல்லாது.

என்னைக் கேட்டால், திறந்த ஃபைபர் படகில் லப்டொப்பைக் கொண்டு போகவே வேண்டாம். உப்புத் தண்ணீர் ஒருமுறை அடித்தால் போதும். அறையுள்ள பலநாள் படகு வேறு கதை. சின்னப் படகுக்காரர் வீட்டில் வைத்தே புள்ளிகளைப் பார்த்து, பெயர் திருத்தி, புதியதைச் சேர்த்து, பேபல் வழியாகக் கருவிக்கே திருப்பி ஏற்றலாம். பிறகு வயரைக் கழற்றிவிட்டு, முள் வாயின் இறப்பர் மூடியை இறுக்கி அடைத்து, இரண்டு சோடி டபிள் ஏ பற்றரியோடு கருவியை மட்டும் கடலுக்கு எடுத்துப் போங்கள்.