இணையத்திலிருந்து இலவசப் படம் எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்

கூகுள் படத்தேடலில் கண்ணில் பட்டதை அப்படியே சேமிப்பதில் இரண்டு சிக்கல். அது யாருடைய படம், எதற்கு அனுமதி என்று தெரியாது. தேடல் முடிவிலிருந்தே சேமித்தால் பல நேரம் சிறுபடம்தான் கையில் வரும். திரையில் நன்றாகத் தெரிவது அச்சில் கட்டம் கட்டமாக உடையும்.

கூகுளில்தான் தேடுவேன் என்பவர்கள் படங்கள் பகுதியில் ‘கருவிகள்’, அதற்குள் ‘பயன்பாட்டு உரிமைகள்’ போய் கிரியேட்டிவ் காமன்ஸைத் (சுருக்கமாக ‘சிசி’, படைப்பாளர் மற்றவர்களுக்குப் பயன்படுத்த அனுமதி தரும் உரிம வகை) தேர்ந்தெடுக்கலாம். அதை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தளக்காரர் குறித்து வைத்த உரிமத்தைத்தான் கூகுள் காட்டுகிறது. உண்மையா என்று பார்ப்பதில்லை. படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து உரிமத்தை நீங்களே படியுங்கள்.

க்ளிப் ஆர்ட் வேண்டுமென்றால் நேராக ஓபன்க்ளிப்ஆர்ட் தளத்துக்குப் போய்விடலாம். அங்குள்ளவை சிசி ஜீரோ, அதாவது வரைந்தவர் தன் உரிமையையே விட்டுக்கொடுத்தவை. எஸ்விஜி கோப்பாகவே கிடைப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறடிக்காது. பழைய ஓவியம், கலைப்பொருள் என்றால் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலிருந்து லட்சக்கணக்கான படங்களை இதே சிசி ஜீரோவில் தருகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தளம். ஆனால் அங்கே படத்துக்குப் படம் உரிமம் மாறும்.

உரிமத்தில் இருக்கும் எழுத்துகள்தான் முக்கியம். ‘பிஒய்’ (BY) என்றால் பெயர் போட வேண்டும். ‘எஸ்ஏ’ (SA) என்றால் படத்தை மாற்றி வெளியிடும்போது அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ‘என்சி’ (NC) இருந்தால் வணிகத்துக்கு ஆகாது. ‘என்டி’ (ND) இருந்தால் மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது. பின்னணியை நீக்கிப் போஸ்டரில் ஒட்டலாம் என்று நினைப்பவர்கள் மாட்டுவது இதில்தான். பெயர் போடுவது ஒரு வரி வேலை: படத்தின் தலைப்பு, எடுத்தவர், மூலப் பக்கத்தின் இணைப்பு, ‘சிசி பிஒய்-எஸ்ஏ 4.0’, நீங்கள் வெட்டியிருந்தால் ‘வெட்டப்பட்டது’. ‘நன்றி: கூகுள்’ என்று போடுவதால் எந்தப் பயனும் இல்லை.

சிசி ஜீரோவாகவே இருந்தாலும், படத்தில் ஒருவரின் முகமோ நிறுவனத்தின் லோகோவோ தெரிந்தால் விளம்பரத்துக்கு எடுக்காதீர்கள். படம் எடுத்தவர் தன் உரிமையைத்தான் விட்டார். படத்தில் இருப்பவருடையதையோ நிறுவனத்துடையதையோ அவரால் விட முடியாது.

அச்சுக்கு அளவு பார்க்க, பிக்சல் அகலத்தை 300-ஆல் வகுங்கள். 1200 பிக்சல் என்றால் 4 அங்குலம் வரை தெளிவாக வரும். ஏ4 தாள் முழுக்க வேண்டுமென்றால் 2480 × 3508 தேவை. சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் புதிதாக விவரம் முளைக்காது, மங்கல்தான் கூடும். பெரிதாக்கும்போது மூலையைப் பிடித்து இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் உருவம் சப்பையாகிவிடும்.

பின்னணி இல்லாத படத்துக்குப் பிஎன்ஜி அல்லது எஸ்விஜிதான். ஜேபெக்கில் அது முடியாது. பிஎன்ஜியிலும் ஒரு ஏமாற்று உண்டு. வெள்ளையும் சாம்பலுமாகச் சதுரங்கக் கட்டம் தெரிந்தால் பின்னணி இல்லை என்று நம்பிவிடுவோம். சில கோப்புகளில் அந்தக் கட்டமே படமாக வரையப்பட்டிருக்கும். நிறமுள்ள ஸ்லைடு ஒன்றின்மேல் வைத்துப் பாருங்கள். கட்டம் அப்படியே நின்றால் அந்தக் கோப்பை விட்டு வேறு தேடுவதே நேர மிச்சம்.

பதிவிறக்கிய அன்றே மூலப் பக்கத்தின் முகவரி, தேதி, உரிமத்தின் பெயர் மூன்றையும் ஒரு கோப்பில் குறித்து, படத்தோடு அதே ஃபோல்டரில் வையுங்கள். உரிமப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டும் இருந்தால் நல்லது. தளங்கள் விதியை மாற்றுவது புதிதல்ல: சிசி ஜீரோவில் கொடுத்துவந்த அன்ஸ்ப்ளாஷ் 2017-இலும் பிக்சாபே 2019-இலும் தங்கள் சொந்த உரிமத்துக்கு மாறின. மாற்றத்துக்கு முன் பதிவிறக்கிய படத்துக்கு அந்தத் தேதிதான் சாட்சி.