மாத அளவுள்ள வீட்டு வைஃபைக்குக் கணக்கு வைப்பது எப்படி?

வன்னியில் ஃபைபர் கம்பி வந்து சேராத வீடுகளில் இணையம் என்பது பெரும்பாலும் சன்னலோரம் வைத்த, சிம் போட்ட ஒரு 4ஜி ரவுட்டர்தான். அந்த வைஃபைக்கு மாத அளவு இருப்பது வீட்டாருக்குத் தெரியும். அதில் இணையும் கைப்பேசிக்குத் தெரியாது. வைஃபையைக் கண்டதும் அளவற்ற இணைப்பு கிடைத்துவிட்டதாகக் கொண்டு, செயலிகளைப் புதுப்பிப்பதையும் படங்களை இணையத்தில் சேமிப்பதையும் அது தன்பாட்டில் தொடங்கிவிடும். 'கம்பனி டேட்டாவைக் களவெடுக்கிறது' என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு மாதம் கணக்கு வைத்துப் பாருங்கள். அதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

படி 1: நாளொன்றுக்குரிய அளவைத் தீர்மானித்தல்

பக்கேஜில் பகல் டேட்டா எவ்வளவு, இரவு டேட்டா எவ்வளவு, இரவு நேரம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது, புதுப்பிக்கும் தேதி எது ஆகிய நான்கையும் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதுங்கள். புதுப்பிக்கும் தேதி மாதத்தின் முதலாம் தேதியாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. பகல் டேட்டா 45 ஜிபி என்றால், 30 நாளுக்குப் பிரிக்க நாளொன்றுக்கு 1.5 ஜிபி வரும். இரணைமடுக் குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தானே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பதென்று தீர்மானிக்கிறார்கள். இதுவும் அந்த வகைக் கணக்குத்தான்.

படி 2: ஒரே நேரத்தில் குறித்தல்

நாள்தோறும் இரவு 9 மணிக்கு, நிறுவனத்தின் செயலியைத் திறந்து, மிஞ்சியிருக்கும் பகல் டேட்டாவைக் குறியுங்கள். செயலியில் காட்டும் தொகை சற்றுப் பிந்தி மாறக்கூடும் என்பதால், ஒரே நேரத்தில் பார்ப்பது முக்கியம்.

ரவுட்டரிலும் ஒரு கணக்கு இருக்கும். வைஃபையில் இணைந்தபடி உலாவியில் 192.168.8.1 அல்லது 192.168.1.1 என்று கொடுத்தால், ரவுட்டரின் பக்கம் திறக்கும். எந்த எண் என்பதும் கடவுச்சொல்லும் பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். அங்கே 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற பகுதியில், மாதக் கணக்கு இருந்தால் அதையே பாருங்கள். நடப்பு இணைப்புக்கான கணக்கை நம்ப வேண்டாம்: கரண்ட் போய் வந்தால் அது மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஒரு ஜிபியை 1000 எம்பி என்று எண்ணுவதா 1024 எம்பி என்று எண்ணுவதா என்பதில் கருவிகள் வேறுபடுவதால், இரண்டு கணக்குகளுக்கும் சிறு வித்தியாசம் இருப்பது இயல்பே. கட்டணத்துக்குச் செல்லுபடியாவது நிறுவனத்தின் கணக்குத்தான்.

படி 3: எந்தக் கருவி எடுத்தது?

நேற்றிரவு 27.4 ஜிபி மிஞ்சியிருந்தது, இன்றிரவு 24.1 ஜிபி என்றால், செலவு 3.3 ஜிபி, அதாவது நாளுக்குரிய அளவின் இரு மடங்குக்கும் மேல். இனி ஒவ்வொரு கருவியாகப் பார்க்க வேண்டும். ஆன்ட்ராய்டு கைப்பேசியின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'டேட்டா யூசேஜ்' என்று தேடினால், வைஃபை வழியாக எந்தச் செயலி எவ்வளவு எடுத்தது என்பதைக் காணலாம். விண்டோஸ் கணினியிலும் 'செட்டிங்ஸ்' பகுதியில் அதே பெயரில் தேடினால், கடந்த 30 நாட்களின் கணக்கு வரும். ஐஃபோன் தன் சிம் வழியாகச் சென்றதைக் காட்டுமே தவிர, வைஃபைக் கணக்கைக் காட்டாது.

கைப்பேசிகளும் கணினியும் சேர்ந்து 1.5 ஜிபிதான் எடுத்தன என்று வைத்துக்கொள்வோம். மீதி 1.8 ஜிபி எங்கே? எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு விடை தொலைக்காட்சியாக இருந்தது. ஒரு காணொளி முடிய அடுத்தது தானாக ஓட, பார்ப்பதற்கு ஆளில்லாத விறாந்தையில் அது பாடிக்கொண்டிருந்தது. கணக்குக் காட்டாத கருவியை இப்படிக் கழித்துத்தான் பிடிக்க முடியும். பிள்ளைகளின் இணையவழி வகுப்புக்கு எவ்வளவு போகிறதென்று அறிய, வகுப்புக்கு முன்னும் பின்னும் ரவுட்டரின் கணக்கைக் குறித்துக் கழித்தால் போதும்.

படி 4: கசிவை அடைத்தல்

ஆன்ட்ராய்டில் உங்கள் வைஃபையின் பெயரைத் தொட்டு, அதை 'மீட்டர்ட்', அதாவது அளவுள்ள இணைப்பு, என்று மாற்றுங்கள். விண்டோஸிலும் 'மீட்டர்ட் கனெக்ஷன்' உண்டு. அதை இயக்கினால் பெரும்பாலான புதுப்பித்தல்கள் தானாக இறங்கா. ஐஃபோனில் 'லோ டேட்டா மோட்' என்பதை இயக்குங்கள். வாட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் வைஃபையில் தாமாக இறங்குவதை நிறுத்துங்கள். ஊர்க் குழுக்கள் பலவற்றில் இருப்பவர்களுக்கு இதனால் மிச்சமாவது கொஞ்சமன்று.

காணொளியின் தரத்தைக் குறைப்பதே பெரிய சேமிப்பு. நொடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஓடும் தெளிவான காணொளி ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி எடுக்கும், நமது 1.5 ஜிபி 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நொடிக்கு 1 மெகாபிட்டில் ஓடினால், அதே ஒரு மணி நேரத்துக்கு 0.45 ஜிபிதான்.

படி 5: இரவுக்கு மாற்றுதல்

பெரிய கோப்புகளையும் புதுப்பித்தல்களையும் இரவு டேட்டாவில் இறக்குங்கள். வெளிநாட்டு உறவுகளின் காணொளி அழைப்புகளையும் ஓரளவுக்கு இப்படி மாற்றலாம். கோடையில் ரொறன்ரோவில் இரவு 8.30 என்றால், கிளிநொச்சியில் மறுநாள் காலை 6 மணி. உங்கள் இரவு டேட்டா அந்த நேரம் வரை நீடிக்குமானால், சித்தப்பா வேலை முடிந்து வந்து ஆறுதலாகப் பேசுவதும், அம்மம்மா தேநீருடன் திண்ணையில் இருந்து பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதும் பகல் கணக்கில் விழாது. குளிர்காலத்தில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்தள்ளுவதால், அதே 8.30 இங்கே காலை 7 ஆகிவிடும். இரவு டேட்டா அதற்குள் முடிந்துவிடுமா என்பதைக் கொப்பியின் முதற்பக்கத்தில் பார்த்துவிட்டு, தேவையானால் சித்தப்பாவிடம் ஒரு மணி நேரம் முந்தி அழைக்கச் சொல்லுங்கள்.