பழைய ஃபைபர் படகை நாமே புதுப்பித்தல்: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

முத்துப்பேட்டையிலிருந்து கோரையாற்றின் வழியே அலையாத்திக் காட்டுக்கும், அதைத் தாண்டி லகூன் எனப்படும் காயலுக்கும் போய்வரும் சிறு படகுகள் இன்று பெரும்பாலும் கண்ணாடி இழையாலும், அதைப் பிடித்து இறுகும் பிசினான ரெசினாலும் ஆனவை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்துபோன பிறகு நாகப்பட்டினம் கரையோரம் முழுவதும் ஃபைபர் படகுகள் பெருகின. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரைகடந்த கஜா புயலில் எத்தனையோ படகுகள் உடைந்தன. அப்படி உடைந்தும் வெடித்தும் ஒதுங்கிய கூடுகளை இன்றும் பல வீட்டுக் கொல்லைகளில் காணலாம். அவற்றில் ஒன்றை, 18 அடி நீளமுள்ள ஒரு சிறு படகை, வாங்கிப் புதுப்பித்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். ஆற்றிலும் லகூனிலும் ஓட்டும் சிறு படகுக்கே இந்தச் செய்முறை பொருந்தும். ஆழ்கடலுக்குப் போகும் படகை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் முதல் முயற்சி வீணாயிற்று. வெடிப்பின் மேல் பெயின்ட்டை மட்டும் சுரண்டிவிட்டு, கண்ணாடி இழை விரிப்பான மேட்டை இரண்டு அடுக்கு வைத்து ரெசின் பூசினேன். ஆறு வாரத்தில் ஒட்டு முழுசாகத் தகடுபோல் உரிந்து வந்துவிட்டது. அடியில் தொட்டுப் பார்த்தபோது ஈரம் இருந்தது. அதன்பின் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: இந்த வேலையில் முக்கால் பங்கு, கெட்டதை வெட்டியெடுப்பதும் மிஞ்சியதை உலர்த்துவதும்தான். புதிதாக ஒட்டுவது எஞ்சிய கால் பங்கே. ஆகையால் கீழே முதல் பகுதிகள் நீண்டும், பெயின்ட் அடிப்பது சுருங்கியும் இருக்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஒரு சிறு சுத்தியலையோ ஐந்து ரூபாய் நாணயத்தையோ எடுத்துக்கொண்டு அணியத்திலிருந்து, அதாவது முன்முனையிலிருந்து, பின்முனையான அமரம் வரை ஒவ்வொரு சாண் தூரத்திலும் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று ஓசை கேட்கும். அடுக்குகள் பிரிந்த இடத்திலும் உள்ளே மரம் ஊறிய இடத்திலும் ஓசை மங்கிவிடும். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கிப் பழகிய காதுக்கு இந்த வேறுபாடு சிறிது நேரத்திலேயே பிடிபட்டுவிடும். மங்கிய இடங்களைச் சாக்கட்டியால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

மேற்பூச்சான ஜெல்கோட்டில் மட்டும் சிலந்திவலைபோல் ஓடும் மெல்லிய கீறல்கள் அச்சத்திற்குரியவை அல்ல. வெளியே தெரியும் கீறல் அதே இடத்தில் உள்பக்கமும் தெரிந்தால், அது கூட்டின் பலத்தையே குறைத்த வெடிப்பு. நீர்மட்டத்துக்குக் கீழே கொப்புளங்கள் இருந்தால் ஒன்றைக் குத்திப் பாருங்கள். காடி நெடியுள்ள நீர் கசிந்தால் தண்ணீர் ஜெல்கோட்டைக் கடந்து அடுக்குக்குள் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இன்ஜினைத் தாங்கும் பின்பலகை. அதன் நடுவே ஒட்டுப்பலகை இருக்கும், இருபுறமும் ஃபைபர் மூடியிருக்கும். இன்ஜின் போல்ட் துளை வழியாக நீர் உள்ளே போனால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மரம் மக்கிவிடும். உள்பக்கத்தில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டு, டிரில் முனையில் வரும் தூளைப் பாருங்கள். வெளிர்நிறமாக உலர்ந்து வந்தால் நல்லது. கறுத்துக் கூழாக வந்தால் பலகையை மாற்ற வேண்டும், அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள். படகில் பதிவு எண் இருந்தால் அதைக் குறித்துப் படமெடுத்து வைத்து, உரிமை மாற்றத்தை மீன்வளத்துறை அலுவலகத்தில் முடித்துக்கொண்ட பிறகே அரவை இயந்திரத்தைக் கையில் எடுக்கவும்.

கழுவுதலும் உலர்த்துதலும்

ஓடுபோல் ஒட்டியிருக்கும் கடலுயிர்களான கொட்டலசுகளைத் தட்டைக் கரண்டியால் சுரண்டியெடுத்து, படகை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். உப்பு போகாத படகு எத்தனை நாள் வெயிலில் கிடந்தாலும் முழுவதும் காயாது.

பிறகு படகைக் கவிழ்த்து, பழைய டயர்கள் மேலோ மணல் மூட்டைகள் மேலோ தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வையுங்கள். அடியில் காற்று ஓட வேண்டும். நம் பகுதியில் இதற்கு ஏற்ற காலம் மாசியும் பங்குனியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை விடாது, மார்கழியிலும் தையிலும் பனி இறங்கும். சித்திரை பிறந்தபின் உலர்வது எளிது, ஆனால் அக்கினி நட்சத்திர வெயிலில் ரெசின் கோப்பையிலேயே இறுகிவிடும். உலர்த்துவதற்கு இரண்டு வாரமாவது கொடுங்கள்.

காய்ந்துவிட்டதா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு சாண் சதுரத்தில் பாலிதீன் தாளை வெட்டி, சுரண்டிய இடத்தின் மேல் நான்கு ஓரமும் டேப் ஒட்டிக் காலையில் மூடிவிடுங்கள். மாலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடுத்தடுத்து மூன்று நாள் வியர்க்காமல் இருந்தால்தான் நான் அடுத்த வேலைக்குப் போகிறேன்.

கெட்டதை அரைத்தெடுத்தல்

இழைத் தூசி நுரையீரலுக்குக் கெடுதி, தோலிலும் கடுமையாக அரிக்கும். தூசி வடிகட்டும் முகமூடி, கண்களை முழுவதும் மூடும் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, கையுறை ஆகியவை இல்லாமல் தொடங்க வேண்டாம். காற்று முதுகுப்பக்கம் இருந்து வரும்படி நின்று வேலை செய்யுங்கள். கீழே தார்ப்பாய் விரித்துத் தூசியைச் சேர்த்தெடுங்கள், வாய்க்காலிலும் ஆற்றங்கரையிலும் கொட்டாதீர்கள். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் குளியுங்கள், அந்த உடைகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

36 அல்லது 40 எண் உப்புத்தாள் வட்டு மாட்டிய கிரைண்டரால் வெடிப்பைச் சுற்றி அரையுங்கள். வெள்ளையாகப் பிரிந்து நிற்கும் இழைகள் மறைந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் திடமான அடுக்கு தெரியும்வரை போக வேண்டும். அதன்பின் ஓரங்களைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவின் நீளம் கூட்டின் கனத்தைப்போல் 12 மடங்கு இருக்கட்டும். கூடு 5 மில்லிமீட்டர் கனமானால் வெடிப்பின் எல்லாப் பக்கமும் 60 மில்லிமீட்டர் சரிவு வேண்டும். அதாவது 15 சென்டிமீட்டர் நீள வெடிப்புக்கு 27 சென்டிமீட்டர் நீளத்தில் பள்ளம் பறிக்க வேண்டியிருக்கும். முதலில் பார்க்கும்போது நல்ல படகைக் கெடுக்கிறோமோ என்ற பதற்றம் வரும். ஆனால் புதிய அடுக்கு பழையதைப் பற்றிக்கொள்வது அந்தச் சரிவின் பரப்பால்தான், சரிவு குறுகினால் ஓரத்திலிருந்தே உரியும். அரைத்து முடித்ததும் தூசியைத் துடைத்து, தூய துணியில் அசிட்டோன் தொட்டு ஒரே திசையில் துடைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது.

ரெசின் கலப்பது

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். பாலியெஸ்டர் ரெசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவம் ஆகிய மூன்றும் கடையில் ஒன்றாகக் கிடைக்கும். கோபால்ட்டும் ஹார்டனரும் ஒருபோதும் நேரடியாகச் சேரக்கூடாது. சேர்ந்தால் அந்த இடத்திலேயே தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். இரண்டுக்கும் தனித்தனி அளவுக் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பாட்டில்களையும் வெவ்வேறு இடங்களில் வையுங்கள். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்க வேண்டும். முழுவதும் கலந்தபிறகே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். சில ரெசின்களில் கோபால்ட் முன்பே கலந்திருக்கும், கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். அப்படி நேர்ந்தால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதற்காகவே வேலை செய்யும் இடத்தில் ஒரு குடம் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ரெசின் ஆவியும் எளிதில் தீப்பிடிக்கக் கூடியது, பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

ஹார்டனரின் அளவு ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். நம் வெயிலுக்கு 1 சதவீதமே போதும், அரை கிலோ ரெசினுக்கு ஏறக்குறைய 5 மில்லி. ஊசி போடும் சிரிஞ்சால் அளந்தால் பிழை வராது. சீக்கிரம் இறுக வேண்டுமென்று கூட்டினால் சூடேறி நொறுங்கும் தன்மை வரும். 1 சதவீதத்துக்குக் கீழே குறைத்தால் உள்ளே முழுவதும் இறுகாமலே நின்றுவிடும். கோபால்ட்டின் செறிவு கடைக்குக் கடை மாறுவதால், முதலில் ஒரு சிறு கோப்பையில் 50 கிராம் மட்டும் கலந்து, கூழாக எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 15 முதல் 20 நிமிடம் கிடைத்தால் சரியான கலவை. ஒரு தடவைக்கு அரை கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள்.

அடுக்குகள் வைத்தல்

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு, இறுகியபின் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் தரும். அதற்கு மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் தேவை. 5 மில்லிமீட்டர் கூட்டுக்கு நான் மேட், ரோவிங், மேட், ரோவிங், மேட் என்ற வரிசையில் வைக்கிறேன். பாய்போல் நெய்த ரோவிங்தான் பலம் தருவது. ஆனால் ரோவிங்கின் மேல் ரோவிங் நேரடியாக நன்றாகப் பிடிக்காது, ஆகவே நடுவில் மேட் வேண்டும். பழைய கூட்டைத் தொடும் முதல் அடுக்கும் மேட்டாகவே இருக்கட்டும்.

துண்டுகளையெல்லாம் முன்கூட்டியே வெட்டி, வரிசையாக அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை முழுவதும் திறந்திருந்தால், பாலிதீன் சுற்றிய அட்டையை உள்பக்கமிருந்து அழுத்திக் கட்டிக்கொள்ளுங்கள். மிகப் பெரிய துண்டை முதலில் வைப்பதே என் வழக்கம், அப்போது சரிவின் முழுப்பரப்பிலும் முழு இழை படிகிறது. சிறிய துண்டிலிருந்து தொடங்கும் அனுபவசாலிகளும் உண்டு, அதையும் தவறென்று சொல்லமாட்டேன்.

காலை எட்டு மணிக்குப் பனி ஈரம் வற்றியபின், மேலே நிழலுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டு தொடங்குங்கள். முதலில் சரிவின் மேல் ரெசின் பூசி, மேட்டை வைத்து, பிரஷ்ஷால் இழுக்காமல் குத்திக் குத்தி ரெசினை ஏற்றுங்கள், இழுத்தால் இழை கலைந்துவிடும். வெண்மை மறைந்து ஒளி ஊடுருவும் நிறம் வந்தால் ரெசின் ஏறிவிட்டது. பிறகு இரும்பு ரோலரால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். ஒரே மூச்சில் மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம், கனம் கூடினால் உள்ளே சூடு ஏறி வெடிப்பு விழும். தொட்டால் சற்றுப் பிசுபிசுக்கும் நிலையில், அன்றோ மறுநாள் காலைக்குள்ளோ அடுத்த அடுக்குகளை வைக்கலாம். அதற்கு மேல் தாமதித்தால் மறுபடி தேய்த்துவிட்டே வைக்க வேண்டும்.

படகைக் கவிழ்த்து வைத்திருக்கும்போதே ஏராவையும், அதாவது அடிப்பாகத்தின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகையும், பார்த்துவிடுங்கள். கரையில் இழுத்து இழுத்து அங்கே இழை வெளியே தெரியுமளவு தேய்ந்திருக்கும். நான்கு விரல் அகலத்தில் ஒரு மேட், அதன்மேல் ஒரு ரோவிங் நீளவாக்கில் வைத்தால் பல ஆண்டு தாங்கும்.

பின்பலகை

மக்கிய பலகையை மாற்றும்போது வெளிப்புறத் தோலைத் தொடாமல், உள்பக்கத் தோலை மட்டும் ஓரத்தில் நான்கு விரல் விட்டு வெட்டியெடுங்கள். ஊறிய மரத்தை உளியால் முழுவதும் எடுத்துவிட்டு, மறுபடி உலர்த்துங்கள். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் 18 மில்லிமீட்டரில் இரண்டை ஒட்டிச் சேர்த்தால் 36 மில்லிமீட்டர் கனம் வரும், சிறிய இன்ஜினுக்கு அது போதும். பலகையின் வெட்டு ஓரங்கள்தான் நீர் குடிக்கும் வாய். அவற்றுக்கு எப்பாக்ஸி என்னும் வேறு வகை ரெசினை மூன்று கை பூசுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் பாலியெஸ்டரைவிட எப்பாக்ஸி நல்லது, மரத்தை அது இறுகப் பற்றும்.

போல்ட் துளைகளை வேண்டிய அளவைவிட 6 மில்லிமீட்டர் பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸியால் முழுவதும் அடைத்து, இறுகியபின் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிடுங்கள். அப்போது போல்ட்டைச் சுற்றி எப்பாக்ஸிக் குழாய் ஒன்று உருவாகிவிடும், மரத்துக்கு நீர் போக வழியில்லை. முன்பு இந்தப் படகின் பலகை மக்கியது ஒரே ஒரு போல்ட் துளையிலிருந்துதான்.

மிதவைக்காக அறைகளில் தெர்மோகோல் வைக்கும் வழக்கம் உண்டு. பாலியெஸ்டர் ரெசின் பட்டால் தெர்மோகோல் கரைந்து போகும் என்பதால், ரெசின் வேலை முழுவதும் முடிந்து இறுகிய பிறகே அதைப் பாலிதீனில் சுற்றி வைக்க வேண்டும்.

பட்டி, பூச்சு, வெள்ளோட்டம்

ரெசினில் அதைக் கெட்டியாக்கும் ஏரோசில் என்னும் மென்மையான சிலிக்காத் தூளைக் குழைத்துப் பட்டி பார்த்து, 80, 120, 220 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேயுங்கள். கார்களுக்கான பட்டியை நீர்மட்டத்துக்குக் கீழே பயன்படுத்தக்கூடாது, அது நீரை உறிஞ்சும். ஜெல்கோட் பூசினால் காற்றுப்பட்ட மேல்பரப்பு பிசுபிசுத்தே நிற்கும். கடைசிக் கைக்கு மெழுகுக் கரைசல் சேர்த்துக்கொண்டால் அது இறுகும்.

ஆற்றில் இறக்குமுன் படகை நிமிர்த்தி, அடியில் நான்கைந்து இடங்களில் முட்டுக்கொடுத்து, உள்ளே கணுக்கால் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வையுங்கள். 1,000 லிட்டர் நீர் ஒரு டன் எடை, கணுக்கால் அளவுக்கு மேல் நிரப்பினால் கூடு தாங்காது. வெளிப்பக்கம் எங்கேனும் முத்து வைத்தால் அங்கே மறுபடி அரைத்து ஒட்டுங்கள்.

முதல் வெள்ளோட்டத்தை இன்ஜின் இல்லாமல், ஓதம் ஏறி நீர் அசையாமல் நிற்கும் வேளையில், கரையை ஒட்டியே நடத்துங்கள். உயிர்காப்பு மேலங்கி அணிந்த இருவர் போதும். அரை மணி கழித்து உள்ளே கையால் தடவிப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக மணல் மூட்டை ஏற்றி, படகு எவ்வளவு அமிழ்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜினை மாட்டிய முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை போல்ட்டுகளை இறுக்கி, பின்பலகையை நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ஓசை முதல்நாள் கேட்டதுபோலவே கணீரென்று இருக்க வேண்டும்.